சாம்பிள் புத்தகத்தில் தெரியாதது: இரண்டு மீட்டர் படங்களுக்குத் தாள் தேர்ந்தெடுத்த கதை

மொத்தம் பதினொரு படங்கள். எல்லாம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் எடுத்தவை. அவற்றில் ஏழு பகல் வெளிச்சத்தில் எடுத்தவை: வெட்டுப்பட்ட பாறைச் சுவர், வெள்ளைத் தூள் படிந்த தரை, குழியில் தேங்கிய தண்ணீர். மற்ற நான்கும் பாறைக்குள் குடைந்த அறைகளில், எங்கோ ஒரு துளை வழியாக விழும் ஒளியை மட்டும் நம்பி எடுத்தவை. படத்தில் முக்கால்வாசி இருட்டுதான். அந்த நான்கும் 150 × 225 சென்டிமீட்டரில் வேண்டும், மற்ற ஏழும் 100 × 150-இல் போதும் என்றார் படமெடுத்தவர். தாளைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கண்காட்சிச் சுவரில் ஏறும் வரை கூட இருப்பது என் வேலை.

முதல் சந்திப்பிலேயே தாள் முடிவாகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். மேசை மேல் சாம்பிள் புத்தகத்தை விரித்தோம். பளபளக்கும் கிளாஸி, அரைப் பளபளப்பான லஸ்டர், பழைய இருட்டறைத் தாளின் சாயலுள்ள பரைட்டா, மினுக்கே இல்லாத மேட் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தவர் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) பருத்தி மேட் தாளில் வந்ததும் நிறுத்திவிட்டார். "இதுதான். கல்லைத் தொடுகிற மாதிரியே இருக்கு" என்றார். நானும் மறுக்கவில்லை. பருத்தித் தாளில் கல்லின் படம் அவ்வளவு அழகாக இருந்தது. வெளிச்சத்தில் எப்படித் திருப்பினாலும் மினுக்கு இல்லை, தூளும் சொரசொரப்பும் கையில் ஒட்டும் போல இருந்தது.

அந்தத் தாள் கடைசியில் ஏழு படங்களுக்கு மட்டும் நிலைத்தது. பெரிய நான்கும் வேறு தாளுக்குப் போயின. அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு முழு அச்சு வீணானது, அதில் தவறு முழுக்க என்னுடையது.

அகலம் முதலில் பேசிவிடும்

தாள் வகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் பெரிய அளவு என்றதுமே தேர்வுப் பட்டியலில் பாதியை ரோலின் அகலம் அடித்துவிடுகிறது. பெரிய இங்க்ஜெட் பிரிண்டர்களில் 44 அங்குலம் பரவலான அளவு, அதாவது ஏறக்குறைய 112 சென்டிமீட்டர். அதற்கு மேல் 60, 64 அங்குல இயந்திரங்கள் உண்டு. 150 சென்டிமீட்டர் குறுகிய பக்கம் என்றால் 60 அங்குல ரோல் தேவை. எல்லாத் தாளும் அந்த அகலத்தில் வருவதில்லை. சாம்பிள் புத்தகத்தில் இருபது வகை இருந்தால், அகல ரோலாகக் கைக்குக் கிடைப்பது சில வகைகள்தான்.

60 அங்குலம் என்பது 152.4 சென்டிமீட்டர். 150-ஐ அதில் போட்டால் இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் மிச்சம். கணக்கில் சரியாக இருக்கும். ஆனால் தாள் இரண்டேகால் மீட்டர் நகரும்போது கொஞ்சம் கோணலாக ஏறினாலும் கடைசியில் படம் விளிம்பைத் தின்றுவிடும். வெட்டவும் பிடிக்கவும் இடம் இருக்காது. எனவே முதல் சமரசமாக அளவை 146 × 219 ஆக்கினோம். அவருக்கு நான்கு சென்டிமீட்டர் குறைவதில் வருத்தம்தான். சுவரில் யாருக்கும் அது தெரியாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டும் வழியும் இருக்கிறது. அது ஒன்றும் கேவலமான வழி இல்லை. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் வைத்திருந்த கலராமா படங்கள் 18 அடி உயரம், 60 அடி நீளம் கொண்டவை. பல கீற்றுகளை இணைத்து, பின்னாலிருந்து ஒளியூட்டிக் காட்டினார்கள். கனடியப் புகைப்படக் கலைஞர் ஜெஃப் வாலின் பழைய ஒளிப்பெட்டிப் படங்கள் சிலவற்றிலும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். ஆனால் எங்கள் படங்களில் இருட்டுப் பரப்பு ஒரே வீச்சாக ஓடுகிறது. அதன் நடுவே ஒரு கோடு வந்தால் கண் அதிலேயே போய் நிற்கும். அதனால் அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

படக் கோப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளப் பக்கத்தில் 8,256 பிக்செல். 219 சென்டிமீட்டருக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 96 பிக்செல், ஒரு பிக்செலின் அகலம் கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நல்ல பார்வை உள்ளவர் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பிரித்தறியக் கூடிய அளவு 0.29 மில்லிமீட்டர் என்பது வழக்கமான கணக்கு. எனவே ஒரு மீட்டரில் தப்பித்துவிடுகிறோம், அரை மீட்டரில் மாட்டிக்கொள்கிறோம். "பெரிய படத்தைத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள்" என்ற ஆறுதல் கண்காட்சியில் செல்லாது. முதலில் தூரத்தில் நிற்பார்கள், அப்புறம் மூக்கு தொடும் அளவுக்குப் போய்விடுவார்கள். இந்த இடத்தில் தாளுக்கும் ஒரு பங்கு உண்டு. மேட் பரப்பு கோப்பின் குறைகளைக் கொஞ்சம் பூசி மறைக்கும். வழவழப்பான பரப்பு கூர்மைப்படுத்திய விளிம்பையும் இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகளையும் அப்படியே எடுத்துக் காட்டும். இதுவும் அப்போது பருத்தி மேட் தாளுக்கு ஆதரவாகத்தான் பேசியது.

வீணான அச்சு

60 அங்குலப் பருத்தி ரோல் வந்தது, 12 மீட்டர் நீளம். நார்த்தாள் ரோல்கள் பெரும்பாலும் 12 அல்லது 15 மீட்டர்தான். ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) தாள் போல 30 மீட்டர் வராது. இருட்டுப் படங்களில் ஒன்றை முதலில் போட்டோம். உயர்தர அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

முதல் பிரச்சினை ஓடும்போதே வந்தது. கனமான பருத்தித் தாள் ரோலில் சுருண்டு கிடந்த வளைவை மறக்காது. அச்சாகும்போது இரு ஓரங்களும் மெல்ல எழும்பின. மை தெளிக்கும் ஹெட் ஓரிடத்தில் தாளை உரசி, ஓரத்தில் மயிரிழை போல மைக்கோடுகள் விழுந்தன. ஹெட்டின் உயரத்தை ஒரு படி ஏற்றியிருக்க வேண்டும். முந்தைய வேலை மெல்லிய தாள், அந்த அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். கூடவே, ரோலைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டியதும் தப்பு. பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். அறையின் ஈரப்பதத்துக்குப் பழக ஒரு நாளாவது விட்டிருந்தால் ஓரம் அவ்வளவு எழும்பியிருக்காது.

இரண்டாவது பிரச்சினை வெட்டியெடுத்த பிறகு தெரிந்தது. பருத்தித் தாளின் மேல் நுண்ணிய நார்த்துகள்கள் உட்கார்ந்திருக்கும். மை அதன் மேல் விழும். பிறகு அந்தத் துகள் உதிரும்போது அடியில் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். வெளிர் பாறைப் படத்தில் இப்படிப் பத்துப் புள்ளி இருந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். இருட்டுப் படத்தில் அது நட்சத்திரமாகிவிடும். எங்களுடையதில் கண்ணில் குத்துகிற இடத்திலேயே ஐந்தாறு இருந்தன. மென்மையான தூரிகையால் தாளைத் துடைத்துவிட்டு அச்சிடுவது வழக்கம். துண்டுத் தாளில் அது சுலபம். ரோலில் என்றால் தேவையான நீளத்தை முன்பே விரித்து, துடைத்து, மறுபடி சுற்ற வேண்டும். சோம்பல்தான் காரணம், வேறென்ன.

மூன்றாவது, எனக்கு இன்னும் உறுத்துவது. அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்க்கக் குனிந்தபோது கையுறை போட்ட கை கறுப்புப் பரப்பில் லேசாக இழுபட்டது. அழுக்கு எதுவும் படியவில்லை. ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளப்பான தடம். மேட் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளம் அங்கே தேய்ந்து மழுங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. மூன்று சதுர மீட்டர் கறுப்பை யாரும் தொடாமல் சுருட்டி, தூக்கி, விரித்து, மாட்டி, திரும்பக் கழற்றுவது நடக்கிற காரியமா என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன்.

சரி, வீணானது வீணானதுதான், பார்த்துவிடுவோம் என்று அந்த அச்சைக் கண்காட்சிக் கூடத்துக்கே கொண்டுபோய் ஊசிக்காந்தங்களால் சுவரில் மாட்டினோம். இந்த வேலை முழுவதிலும் நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

கூடத்தில்

படமெடுத்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "இது இருட்டு இல்ல, சாம்பல்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். மேசையில் கையகலத் துண்டில் அழகாக இருந்த அதே கறுப்பு, சுவரில் மூன்று சதுர மீட்டருக்கு விரிந்ததும் கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. நல்ல மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி 1.65-ஐ ஒட்டி நிற்கும். அதாவது தன் மேல் விழும் ஒளியில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் திருப்பி அனுப்பும். பரைட்டா, லஸ்டர் போன்ற பரப்புகளில் 2.3 வரை எளிதாகப் போகும், திரும்பி வருவது அரை சதவீதம்தான். தாளின் வெள்ளை 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தால், மேட் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 40-க்கு 1. மற்றதில் 180-க்கு 1. வெளிர் பாறைப் படங்களுக்கு 40 தாராளம், அவற்றில் முழுக் கறுப்பே கொஞ்சம்தான். குகைப் படங்களில் நிழலுக்குள் இன்னொரு நிழல், அதற்குள் பாறையின் மடிப்பு. அந்த மடிப்புகள் மேட் தாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறைந்துவிட்டன.

மேசையில் இது ஏன் தெரியவில்லை? சின்னத் துண்டைச் சுற்றி வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர். ஒப்பீட்டில் கண் அதைக் கறுப்பு என்று ஏற்றுக்கொள்கிறது. படம் பார்வைப் பரப்பு முழுவதையும் நிறைத்துவிட்டால் ஒப்பிட வெளியே ஒன்றும் இல்லை. கண் அந்த இருட்டுக்குப் பழகிக்கொண்டு, அது இருட்டே இல்லை என்று கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பரைட்டாவில் போட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். கூடத்தின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் வரிசையாகச் சன்னல்கள். அவற்றுக்கு எதிரே ஒரு சுவர். உள்ளே தள்ளி, சன்னல் படாத நீளச் சுவர் ஒன்று, அதற்கு மேலே விளக்குத் தடம் மட்டும். எதிர்ச் சுவரில் மினுமினுப்பான எதை மாட்டினாலும் சன்னல் அப்படியே படத்தின் நடுவில் வந்து உட்காரும். சன்னல் கண் உயரத்தில் இருப்பதால் எங்கே தள்ளி நின்றாலும் தப்பிக்க முடியாது.

எனவே மூன்று தாள்களில் சோதனைக் கீற்றுகள் போட்டோம்: பருத்தி மேட், 260 ஜிஎஸ்எம் ஆர்.சி. லஸ்டர், 310 ஜிஎஸ்எம்மை ஒட்டிய நாரடிப் பரைட்டா (அடித்தளம் நார்த்தாள்). ஒவ்வொன்றும் ரோலின் முழு அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். அதே படத்தின் அதே பகுதி. பாதியில் இருட்டு, பாதியில் ஒளி விழும் பாறை. ஒவ்வொரு தாளுக்கும் அதற்குரிய ப்ரொஃபைல் (நிற அமைப்புக் கோப்பு), மேட்டுக்கு மேட் கறுப்பு மை, மற்ற இரண்டுக்கும் போட்டோ கறுப்பு. ஏ4 துண்டு போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதைக் கையில் எடுத்ததுமே நம்மை அறியாமல் மினுக்கு போகும் கோணத்துக்குத் திருப்பிவிடுகிறோம். ஒன்றரை மீட்டர் கீற்றைத் திருப்ப முடியாது. அதில் எங்காவது ஓரிடம் விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கீற்றுகளை ஒருமுறை படம் வரப்போகும் மேல் விளிம்பிலும், ஒருமுறை நடுவிலும், ஒருமுறை கீழேயும் மாட்டிப் பார்த்தோம்.

மேல் விளிம்பில்தான் விஷயம் வெளியே வந்தது. விளக்குத் தடம் மூன்றரை மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தது. படத்தின் நடு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால் மேல் விளிம்பு ஏறக்குறைய 2.2 மீட்டரில் வரும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் சராசரி உயரக்காரரின் கண்ணுக்கு விளக்கின் பிரதிபலிப்பு எங்கே விழும் என்று பள்ளிக்கூடக் கண்ணாடிக் கணக்குப் போட்டால் விடையும் அதே 2.2 மீட்டர். அதாவது சரியாகப் பாறையின் மேல் மூலையில். நடுவில் மாட்டிய கீற்றில் இது தெரியவே இல்லை. சின்னப் படமாக இருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

விளக்குகளைச் சுவருக்கு நெருக்கமாக, 1.15 மீட்டருக்குக் கொண்டுவர முடியுமா என்று கூடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டோம். படத்தின் நடுவிலிருந்து செங்குத்துக்கு 30 பாகைக் கோணம் வரும் தூரம் அது. அருங்காட்சியகங்களில் வழக்கமாகப் பேசப்படும் கோணமும் அதுதான். தடத்தை நகர்த்த முடியாது, ஆனால் நீட்டுக் கைகள் இருக்கின்றன என்றார். அப்படி நகர்த்தினால் பிரதிபலிப்பு 2.45 மீட்டருக்கு ஏறி, படத்துக்கு வெளியே வெறும் சுவரில் விழுகிறது. பரைட்டாவுக்கு வழி பிறந்தது அங்கேதான். அந்த நீட்டுக் கைகள் இல்லையென்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விளக்கை நெருக்கினால் இன்னொரு தொல்லை கூடவே வரும். ஒளி சரிந்து விழ விழத் தாளில் உள்ள ஒவ்வொரு அலையும் நிழல் கட்டும். ஆக, தாள் பலகையில் தட்டையாக ஒட்டப்பட்டே ஆக வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வெள்ளை எந்த வெள்ளை

கீற்றுகளை அருகருகே மாட்டியிருந்தபோது படமெடுத்தவர் ஒன்றைக் கவனித்தார். சன்னலுக்கு எதிரே லஸ்டர் தாளின் வெள்ளை நீலம் கலந்து பளீரென்று இருந்தது, பருத்தித் தாள் பக்கத்தில் பழுப்பாகத் தெரிந்தது. உள்சுவரில் எல்இடி விளக்கின் கீழ் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது.

லஸ்டர் தாளில் ஒளிர்வூட்டிகள் சேர்த்திருக்கிறார்கள். புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வேதிப்பொருள், சலவைத்தூளில் இருக்கும் அதே சமாச்சாரம். பகல் வெளிச்சத்தில் புற ஊதா உண்டு, அதனால் பளீர். வழக்கமான வெள்ளை எல்இடியில் அது அநேகமாக இல்லை, அதனால் அங்கே தாள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்புகிறது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் இதே கதைதான். காலம் போகப் போக ஒளிர்வூட்டி செயலிழக்கும், தாள் மஞ்சள் சாய்வதாகத் தெரியும். விற்கப்போகும் அச்சுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆறு வாரக் கண்காட்சிக்கு மட்டும் என்றால் நான் இதற்காகத் தூக்கம் கெடமாட்டேன். எங்களுக்கு உடனடிச் சிக்கல் வேறு: ஒரே வெள்ளைத்தூள் இரண்டு சுவரில் இரண்டு நிறமாகத் தெரிந்தால் தொடர் உடைந்துவிடும். ஒளிர்வூட்டி இல்லாத பருத்தியையும் ஒளிர்வூட்டி இல்லாத பரைட்டாவையும் மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டோம். இரண்டும் கொஞ்சம் இளஞ்சூடான வெள்ளை, ஒன்றோடொன்று ஒத்துப்போயின. லஸ்டர் இப்படித்தான் கழன்றது. மற்றபடி அது ஒன்றும் மோசமான தாள் இல்லை. பல முறை வந்து போகும் கண்காட்சிக்கு, பலர் கை படும் வேலைக்கு, இன்றைக்கும் நான் முதலில் எடுப்பது அதைத்தான். சட்டென்று கீறல் விழாது, 30 மீட்டர் ரோல் கிடைக்கும், ஒன்று வீணானால் இன்னொன்று.

ஒட்டுகிறவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்

தாளைத் தேர்ந்தெடுத்த பிறகு மவுண்ட் செய்பவரிடம், அதாவது அச்சைப் பலகையில் ஒட்டுகிறவரிடம், போவது எல்லோரும் செய்யும் தப்பு. நானும் பல வருடம் செய்திருக்கிறேன். இந்த முறை கீற்றுகளோடு போனேன்.

பலகைக்கு 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் (அலுமினியக் கலப்புப் பலகை) என்று பேசினோம். இரு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் பாலிஎதிலீன், சதுர மீட்டருக்கு 3.8 கிலோ. எங்கள் அளவுக்குப் பலகை மட்டும் 12 கிலோ. ஃபோம் போர்டு எடை குறைவுதான், ஆனால் இந்த அளவில் வளையும். குளிர் ஒட்டுப்படலம், ரோலர் அழுத்தம். சூட்டில் ஒட்டுவதை இங்க்ஜெட் அச்சுக்கு நான் விரும்புவதில்லை.

அவர் லஸ்டர் கீற்றிலும் பரைட்டா கீற்றிலும் ஒவ்வொரு துண்டை வெட்டி ஒட்டிக் காட்டினார். சரிந்த வெளிச்சத்தில் பிடித்தால் லஸ்டர் துண்டு புல்லரித்த தோல் மாதிரி இருந்தது. ஒட்டுப்படலத்தின் நுண்ணிய மேடுபள்ளம் மெல்லிய தாள் வழியாக மேலே எட்டிப் பார்க்கிறது. பரைட்டாவின் தடித்த நாரடி அதை விழுங்கிவிட்டது. "மேட் தாள்னா ரோலர் பட்ட இடம் கறுப்புல தெரியும் சார், அதை எங்கிட்ட கொண்டுவராதீங்க" என்றும் சொன்னார். வீணான அச்சின் தடம் நினைவுக்கு வந்தது, நான் வாயே திறக்கவில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "கதவு எவ்வளவு?" ரோலாக எதையும் எங்கும் கொண்டுபோகலாம். பலகையில் ஒட்டிய 146 × 219, பொதி சுற்றியதும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளரும். கூடத்தின் கதவையும் படிக்கட்டின் திருப்பத்தையும் போய் அளந்து வந்தோம். திருப்பத்தில் நிமிர்த்திச் சாய்த்தால் போகும், அவ்வளவுதான் இடைவெளி.

பரைட்டாவுக்கும் அதன் குணம் உண்டு. மேற்பூச்சுக்கு அடியில் பேரியம் சல்பேட் அடுக்கு இருப்பதால்தான் அந்தப் பழைய இருட்டறைத் தாளின் சாயல் வருகிறது. ஆனால் அந்தப் பரப்பு மடங்குவதைப் பொறுக்காது. பெரிய தாளை இரண்டு கையால் தூக்கும்போது விரல் பட்ட இடத்தில் பிறை வடிவில் ஒரு மடிப்பு விழும். மேட் தாளில் அது பார்வைக்குத் தப்பலாம், பரைட்டாவில் ஒளி பட்டதும் கண்ணைச் சிமிட்டும். எனவே அச்சானதும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர், உள்ளங்கை மட்டும், விரல் நுனி கூடாது. ஒரு நாள் முழுக்க விரித்தபடி காயவிட்டு, அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து, அகலமான குழலில் தளர்வாகச் சுற்றினோம். மையில் உள்ள கிளைகால் என்ற திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும். அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் அடைத்தால் சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தது போல மங்கும்.

கண்ணாடி எங்களுக்கு வேண்டாம் என்று முடிவானது. 3 மில்லிமீட்டர் கண்ணாடி இந்த அளவுக்கு 24 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. எடையை விடுங்கள், பூச்சில்லாத கண்ணாடியின் இரு பரப்பும் சேர்ந்து 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அரை சதவீதக் கறுப்புக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதன் மேல் 8 சதவீதத்தைப் போர்த்துவது என்ன நியாயம்? படத்தின் முகத்தையே அக்ரிலிக்கில் ஒட்டும் டயசெக் முறையைப் படமெடுத்தவர் கேட்டார். ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர்கள் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ரூஃப் போன்றோரின் பெரிய படங்கள் அப்படித்தான் நிற்கின்றன, நிறம் ஆழமாகும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு வழவழப்பான கிளாஸி தாள் வேண்டும். பரப்பில் சொரசொரப்பு இருந்தால் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கி வெள்ளி பூத்தது போலத் தெரியும். அதோடு, முக்கால்வாசி இருட்டான படத்தின் மேல் பளபளக்கும் அக்ரிலிக் வைத்தால் பார்க்க வருகிறவர் பாறைக்குப் பதில் தன் சட்டையைத்தான் பார்ப்பார்.

அச்சும் மாட்டலும்

பருத்தி ரோலில் 12 மீட்டரில் 2.3 மீட்டர் வீணானது போக மீதி இருந்தது. வெளிச்சப் படங்கள் ஏழையும் குறுக்கே திருப்பி, நீளப் பக்கத்தை ரோலின் அகலத்தில் வைத்து, 98 × 147 ஆகப் போட்டோம். ஒன்றுக்கு 1.1 மீட்டர் வீதம் 7.7 மீட்டரில் அடங்கிவிட்டது. இந்த முறை ஹெட் ஏற்றி, ரோலை ஒரு நாள் அறையில் கிடத்தி, தூரிகை போட்டுத் துடைத்த பிறகு. கண்ணாடி இல்லாத ஆழச் சட்டங்களில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில் போயின. காலை வெயில் தரையில் விழும் நேரத்தில்கூட அந்தச் சுவரில் ஒரு மினுக்கும் இல்லை. சாம்பிள் புத்தகத்தைத் தடவியபோது அவர் பார்த்த கல் அங்கே இருந்தது.

பெரிய நான்கும் பரைட்டாவில், 12 மீட்டர் ரோலில். நான்குக்கு 9.2 மீட்டர், சோதனைக்கு ஒரு மீட்டர். மிச்சம் 1.8 மீட்டர், இன்னொரு அச்சுக்குப் போதாது. அதாவது நான்கில் ஒன்று தவறினாலும் புது ரோல் முழுசாக வாங்க வேண்டும், அதன் வெள்ளை பழைய ரோலோடு ஒத்துப்போகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்துகொண்டு ஒரு மணி நேரம் பிரிண்டர் பக்கத்தில் நிற்பது அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை. நான்கும் தப்பித்தன.

ஒன்றில் மட்டும் நிழல் மிகையாக இறங்கிவிட்டது. கூடத்தில் நாங்கள் எடுத்த ஒளி அளவுக்கேற்ப நிழலை ஒரு பங்கு தூக்கியிருந்தேன், ஆனால் அது விளக்கை நகர்த்துவதற்கு முன் எடுத்த அளவு. நெருங்கி வந்த விளக்கில் படத்தின் மேற்பகுதிக்கு ஒளி அதிகம், கீழ்ப்பகுதிக்குக் குறைவு. மூன்று படங்களில் அது பாறையின் இயல்பான ஒளி போலவே அமைந்தது. நான்காவதில் கீழே இருந்த தண்ணீர் மறைந்தது. கூடத்துப் பொறுப்பாளர் இன்னொரு விளக்கைப் பக்கவாட்டிலிருந்து மங்கலாகத் திருப்பிவிட்டார், தண்ணீர் திரும்ப வந்தது. மறுபடி செய்வதாக இருந்தால், விளக்கின் இடம் முடிவாகும் வரை நிழலில் கை வைக்கமாட்டேன்.

திறப்பு நாளில் ஓரமாக நின்று பார்த்தேன். பெரிய படங்களுக்கு முன் எல்லோரும் மூன்றடி தள்ளி நின்று, பிறகு நெருங்கி, கன்னத்தைச் சுவரோடு வைக்காத குறையாகப் பக்கவாட்டில் பார்த்தார்கள். அச்சிடுகிறவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

கண்காட்சி முடிந்து கழற்றும்போது பலகையில் ஒட்டிய நான்கும் போன வழியிலேயே, அதே படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்தன. பருத்தியில் போட்ட ஏழில் ஒன்றின் கீழ் ஓரத்தில், ஒரு சின்னக் கை எட்டும் உயரத்தில், நான்கு விரல் தடம் பளபளத்தது. வெள்ளைத் தூள் பகுதி என்பதால் நேராக நின்று பார்த்தால் தெரியாது. படமெடுத்தவர் அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி அச்சிட வேண்டாம் என்றார்.